ரோம் நகரை நான்கு நாளில் பார்ப்பது: முன்பதிவு முதல் கடைசிப் பேருந்து வரை

ரோமில் பார்க்க வேண்டியவை எல்லாம் ஒன்றுக்கொன்று பக்கத்திலேயே இருக்கின்றன. கொலோசிய அரங்கிலிருந்து பழைய பாந்தியன் கோயிலுக்கு நிதானமாக நடந்தாலே அரை மணி நேரம்தான். அங்கிருந்து டைபர் ஆற்றைத் தாண்டி வத்திக்கானுக்குப் போக இன்னொரு அரை மணி. வரைபடத்தைப் பார்த்தவுடன் இரண்டு நாள் தாராளம் என்று தோன்றும். போய் இறங்கிய பிறகுதான் கடிகாரம் வேலையைக் காட்டும். தேவாலயங்கள் பகல் 12:30 வாக்கில் சாத்தினால் மூன்று, நான்கு மணிக்குத்தான் திறக்கும். திங்கட்கிழமை பல அருங்காட்சியகங்களுக்கு விடுமுறை. வத்திக்கான் அருங்காட்சியகம் மாதக் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும். புதன் காலையில் போப்பின் பொதுச் சந்திப்பு நடப்பதால் புனித பேதுரு பேராலயத்துக்குள் போக முடியாது. கொலோசியம் சூரியன் மறைவதற்கு முன்பே மூடிவிடும். ஆகவே முதலில் கிழமை, அடுத்து மணி, கடைசியாகத்தான் பாதை. அந்த வரிசையில் போட்ட நான்கு நாள் திட்டம் இது.

எப்போது போவது

ஏப்ரல், மே அல்லது செப்டம்பர் கடைசி முதல் அக்டோபர் வரை. ஜூலை, ஆகஸ்டில் வெயில் 35 டிகிரியைத் தொடும். சென்னைக்காரர்களுக்கு இது பெரிய விஷயமா என்று கேட்கலாம். பழைய ரோமின் நடுச் சதுக்கமான ரோமன் ஃபோரத்தில் மூன்று மணி நேரம் நிழலே இல்லாமல் கல்லின் மேல் நடக்க வேண்டும், அதுதான் சிக்கல். ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய வாரத்தில் உள்ளூர்க்காரர்கள் கடலோரம் போய்விடுவார்கள், நல்ல சிறிய உணவகங்கள் பல பூட்டியிருக்கும். டிசம்பர், ஜனவரியில் கூட்டம் குறைவு, விடுதியும் மலிவு. ஆனால் கொலோசியம் மாலை 4:30-க்கே மூடும் என்பதால் பகல் பொழுது கையைவிட்டு நழுவிவிடும்.

முன்பதிவு: மூன்றே இடங்கள்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும். விசா கைக்கு வரும் முன் திருப்பித் தராத எந்தச் சீட்டையும் வாங்காதீர்கள்.

முன்பதிவு செய்துவிட வேண்டிய இடங்கள் மூன்று. போர்கேஸே கலைக்கூடத்தில் ஒவ்வொரு வேளைக்கும் குறிப்பிட்ட எண்ணிக்கையில்தான் ஆட்களை விடுவார்கள், பதிவில்லாமல் போனால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். வத்திக்கான் அருங்காட்சியகத்துக்கு நேரில் சீட்டு எடுக்க முடியும், ஆனால் மதில் ஓரமாக இரண்டு மூன்று மணி நேரம் நிற்க நேரும். இணையத்தில் எடுத்தால் 20 யூரோ சீட்டுக்கு 5 யூரோ பதிவுக் கட்டணம் கூடும். அந்த ஐந்து யூரோ கொடுத்தே ஆக வேண்டிய ஐந்து யூரோ. மூன்றாவது கொலோசியம். அதன் சீட்டு 30 நாள் முன்பு விற்பனைக்கு வரும். அடித்தளத்துக்கும் அரங்கின் மேடைக்கும் சேர்த்துத் தரும் சீட்டு உடனே தீர்ந்துவிடும், எனவே விற்பனை திறக்கும் நாளைக் குறித்து வைத்துக்கொண்டு அன்றைக்கே முயலுங்கள். 18 யூரோ சாதாரணச் சீட்டிலேயே கொலோசியம், ஃபோரம், பாலத்தீன் குன்று மூன்றும் அடக்கம். 24 மணி நேரம் செல்லும்.

கொலோசியச் சீட்டில் பெயர் அச்சாகியிருக்கும். வாசலில் அடையாள ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு இங்கேதான் இடறும். கடவுச்சீட்டில் அப்பா பெயரோ ஊர்ப் பெயரோ விரிந்து நிற்கும், சீட்டிலோ பழக்கத்தில் வெறும் இனிஷியலைப் போட்டிருப்போம். கடவுச்சீட்டில் உள்ள எழுத்துகளை அப்படியே போடுங்கள். குடும்பப் பெயர்ப் பகுதி காலியாக உள்ளவர்கள், படிவம் அதைக் கட்டாயமாகக் கேட்டால், தம் பெயரையே இரண்டு கட்டத்திலும் எழுதுவது நல்லது. வீட்டில் ஐந்து பேர் என்றால் ஐந்து பெயரும் தனித்தனியே சரியாக இருக்க வேண்டும். அன்றைக்கு அசல் கடவுச்சீட்டு கையில் இருக்கட்டும்.

இணையத்தில் தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் இடைத்தரகர்களின் தளங்கள்தான். அதே சீட்டு இரண்டு மடங்கு விலையில், ஒலி வழிகாட்டி என்ற பெயரில் ஒரு கைப்பேசிச் செயலியைச் சேர்த்து விற்பார்கள். விலை அதிகாரபூர்வக் கட்டணத்தைவிட அதிகமாகத் தெரிந்தால் தளத்தின் முகவரியை மறுபடி பாருங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு கொலோசியம் இலவசம். கூட்டத்தை நினைத்தால் அன்றைக்குப் போகாமல் இருப்பதே லாபம்.

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள்

ஃபியுமிசினோ விமான நிலையம் ஊரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். லியோனார்தோ எக்ஸ்பிரஸ் ரயில் வழியில் எங்கும் நிற்காமல் 32 நிமிடத்தில் டெர்மினி நிலையத்தில் விடும், கட்டணம் 14 யூரோ. அதே நடைமேடைகளிலிருந்து 8 யூரோவுக்கு இன்னொரு ரயிலும் புறப்படும். அது டிராஸ்தேவெரே, ஒஸ்தியென்ஸே, திபுர்தீனா வழியாகப் போகும், டெர்மினிக்குப் போகாது. டிராஸ்தேவெரே பக்கம் தங்குகிறவர்களுக்கு இதுவே வசதி. இந்த ரயிலுக்குக் காகிதச் சீட்டு எடுத்திருந்தால் ஏறும் முன் நடைமேடையில் உள்ள சிறிய இயந்திரத்தில் நுழைத்து நேரம் அடித்துக்கொள்ள வேண்டும். மறந்தால் சீட்டு இருந்தும் அபராதம்தான்.

நான்கு பேரும் நான்கு பெட்டியும் என்றால் டாக்ஸிதான் கணக்குக்கு வரும். பழைய ரோமின் அவ்ரேலிய மதிலுக்குள் எங்கே போனாலும் ஃபியுமிசினோவிலிருந்து நிலையான கட்டணம் 55 யூரோ. ஆளுக்கோ பெட்டிக்கோ கூடுதல் கிடையாது. நகராட்சி உரிமம் பெற்ற வெள்ளை வண்டியாகப் பார்த்து, வரிசையில் நின்று ஏறுங்கள். வருகைக் கூடத்திலேயே "டாக்ஸி, டாக்ஸி" என்று வந்து கூப்பிடுகிறவர்களோடு போக வேண்டாம். விடுதி மதிலுக்கு வெளியே இருந்தால் மீட்டர் ஓடும், ஏறும் முன்பே கேட்டுவிடுங்கள்.

தங்க மோந்தி, செந்திரோ, பிராத்தி பகுதிகள் நல்லவை. டெர்மினி சுற்றுவட்டாரம் மலிவு, எதற்கும் கிட்டம், இரவில் மட்டும் கொஞ்சம் கவனம் தேவை. எல்லா விடுதியிலும் ஆளுக்கு ஓர் இரவுக்கு இத்தனை யூரோ என்று நகர வரி தனியாக வாங்குவார்கள். விடுதியின் தரத்தைப் பொறுத்து அது கூடும், இணையத்தில் கட்டிய தொகையில் பெரும்பாலும் அடங்காது.

மெட்ரோவும் பேருந்தும்

ஒரு சீட்டு 1.50 யூரோ, 100 நிமிடம் செல்லும். அதற்குள் பேருந்து எத்தனை வேண்டுமானாலும் மாறலாம், மெட்ரோ ஒரு தடவைதான். வங்கி அட்டையையோ கைப்பேசியையோ நேரடியாகத் தட்டிப் போகலாம். அட்டை ஒன்றென்றால் ஆளும் ஒருவர். ஒரே அட்டையை நான்கு பேருக்குத் தட்ட முயன்றால் முதல் ஆளுக்கு மட்டுமே கணக்காகும். காலையில் அட்டையைத் தட்டிவிட்டு மாலையில் கைப்பேசியைத் தட்டினால் இயந்திரத்துக்கு அவை இரண்டு வேறு ஆட்கள். பேருந்தில் ஓட்டுநர் சீட்டு கேட்கமாட்டார், ஆனால் பரிசோதகர் திடீரென ஏறுவார்.

மெட்ரோவில் மூன்று தடங்கள். வத்திக்கானுக்கு ஏ தடத்தில் ஒத்தவியானோ, கொலோசியத்துக்கு பி தடத்தில் கொலோசியோ. சி தடத்தின் கொலோசியோ நிலையம் 2025 டிசம்பரில் திறந்தது. தோண்டும்போது கிடைத்த பழைய கிணறுகளையும் பொருள்களையும் நிலையத்துக்குள்ளேயே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். மெட்ரோ சீட்டு விலைக்கு ஓர் அருங்காட்சியகம் என்றே சொல்லலாம்.

முதல் நாள்: கொலோசியம், பாலத்தீன், ஃபோரம்

காலையில் கிடைக்கும் முதல் நேரத்தை எடுங்கள், 8:30 கிடைத்தால் உத்தமம். குறித்த நேரத்துக்கு 20 நிமிடம் முன்பே போய்ச் சேருங்கள், உள்ளே விடும் முன் பையைச் சோதிப்பார்கள். பெரிய முதுகுப்பை, கண்ணாடிப் பாட்டிலுக்கு அனுமதி இல்லை. பெட்டி வைக்க அறையும் கிடையாது.

கொலோசியத்தைப் பேரரசர் வெஸ்பாசியன் தொடங்கினார், அவர் மகன் டைட்டஸ் கி.பி. 80-இல் திறந்தார். நீளம் 188 மீட்டர், அகலம் 156 மீட்டர். உள்ளே போகும் முன் வடபுற வெளிச்சுவரை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். வளைவுகளின் மேல் ரோம எண்கள் செதுக்கியிருக்கும். மக்கள் கையில் இருந்த சீட்டின் எண்ணும் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டும், அந்த வாசல் வழியாகத்தான் ஏற வேண்டும். நாம் இன்று மைதானத்தில் நுழைவது போலத்தான். சுவரெங்கும் அம்மைத் தழும்பாகத் தெரியும் ஓட்டைகள் போரில் வந்தவை அல்ல. கற்களைப் பிணைத்திருந்த இரும்புக் கவ்விகளை இடைக்காலத்தில் குடைந்து எடுத்துப் போய்விட்டார்கள். உள்ளே ஒன்றேகால் மணி நேரம் போதும்.

வெளியே வந்ததும் கூட்டம் நேராக டைட்டஸ் வளைவுப் பக்கம் போகும். அதோடு போகாமல் தெற்கே சான் கிரெகோரியோ சாலையில் ஐந்து நிமிடம் நடந்தால் பாலத்தீன் குன்றின் வாசல் வரும், அங்கே வரிசை குறைவு. மேலிருந்து கீழாக இறங்குவதுதான் சரியான வழி. முதலில் குன்றின் மேல் அரண்மனைகள், பிறகு ஃபர்னேஸே தோட்டத்தின் விளிம்பிலிருந்து ஃபோரம் முழுவதையும் ஒரே பார்வையில் பார்ப்பது, அதன்பின் கீழே இறங்கி அதே கற்களுக்கிடையே நடப்பது. முதலில் மேலிருந்து பார்க்காதவர்களுக்கு ஃபோரம் வெறும் உடைந்த தூண் குவியலாகத்தான் தெரியும். குடிநீரை நிரப்பிக்கொள்ளுங்கள், கழிப்பறை கண்ணில் பட்டால் விடாதீர்கள். வெளியேறிவிட்டால் அதே சீட்டில் மறுபடி உள்ளே வர முடியாது.

ஃபோரத்தில் எல்லாக் கல்லையும் பார்க்க முயன்றால் மூளை களைத்துவிடும். நான்கை மட்டும் நின்று பாருங்கள். டைட்டஸ் வளைவின் உட்புறத்தில் எருசலேம் கோயிலின் ஏழு கிளை விளக்கைத் தோளில் தூக்கிப் போகும் வீரர்கள். அன்டோனினஸ், ஃபாஸ்டினா கோயிலில் தூண்களுக்குப் பின்னால் உள்ள தேவாலயத்தின் கதவு தரையிலிருந்து வெகு உயரத்தில் அந்தரத்தில் நிற்கும். அந்த வாசலை வைத்த காலத்தில் மண் மேடு அந்த மட்டத்தில் இருந்தது, தோண்டிய பிறகு கதவு மட்டும் மேலே நின்றுவிட்டது. மூன்றாவது, கி.பி. 203-இல் எழுந்த செப்டிமியஸ் செவரஸ் வளைவு. கல்வெட்டின் நான்காம் வரியை உற்றுப் பாருங்கள். செவரஸின் மகன் காரகல்லா தன் தம்பி கேட்டாவைக் கொன்றபின் அவன் பெயரை அழித்து வேறு சொற்களைப் பதித்தார்கள். பழைய வெண்கல எழுத்துகளைப் பொருத்தியிருந்த துளைகள் புதிய எழுத்துகளுக்கு நடுவே ஒட்டாமல் இன்றும் தெரிகின்றன.

நான்காவது, மூன்று பிரம்மாண்டமான வளைகூரைகளோடு நிற்கும் மாக்சென்டியஸ் மண்டபம். அது எழும் முன் அதே இடத்தில் பேரரசர் டொமிஷியன் காலத்து மிளகுக் கிடங்கு இருந்தது. சேரநாட்டு முசிறியில் மரக்கலம் ஏறிய மிளகு, செங்கடல் கடந்து, எகிப்து வழியாக வந்து இறங்கிக் கிடந்த இடம். கரூரிலும் கோவைப் பக்கத்திலும் பானை பானையாகக் கிடைத்த ரோமானியக் காசுகளின் மறுமுனை இந்தத் தெருதான். தமிழர் எவரும் இங்கே இரண்டு நிமிடம் அதிகம் நிற்கலாம்.

ஒன்றரை மணி வாக்கில் ஃபோரி இம்பெரியாலி சாலைப் பக்கமாக வெளியேறி மோந்தியில் சாப்பிடுங்கள். மூன்று மணிக்குப் பக்கத்துத் தேவாலயமான சான் பியெத்ரோ இன் வின்கோலி திறக்கும், மைக்கேலாஞ்சலோவின் மோசே சிலை அங்கே இலவசம்.

அங்கிருந்து கீழே இறங்கினால் சான் கிளெமென்தே. நான்கு நாளில் ஒரே ஒரு தேவாலயத்துக்குத்தான் நேரம் என்றால் இதைச் சொல்வோம். தெருமட்டத்தில் இருப்பது 12-ஆம் நூற்றாண்டுக் கோயில், அதன் தங்கப் பின்னணி மொசைக்கில் சிலுவையிலிருந்து கொடி சுருண்டு சுருண்டு முழு வளைவையும் நிரப்பும். இதற்குக் கட்டணம் இல்லை. பக்கவாட்டில் சீட்டு எடுத்துப் படியிறங்கினால் நான்காம் நூற்றாண்டுக் கோயில், மேலே உள்ள கட்டடத்துக்காக மண்ணடித்து மூடியது. அதன் சுவரோவியம் ஒன்றில் சிசின்னியஸ் என்ற ரோமானியர், தன் ஆட்கள் தூணை இழுப்பதைப் பார்த்து "இழுங்கடா" என்று கெட்ட வார்த்தை சேர்த்துத் திட்டுகிறார். இத்தாலிய மொழி எழுத்தில் வந்த மிகப் பழைய சான்றுகளுள் அந்த வசவும் ஒன்று. இன்னும் ஒரு படிக்கட்டு இறங்கினால் முதலாம் நூற்றாண்டுக் கட்டடங்களும், நடுவே ஆள் நடக்கும் சந்தும், காளையைக் கொல்லும் மித்ரா தெய்வத்தின் வழிபாட்டு அறையும். சுவருக்குப் பின்னால் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும், எட்டிப் பார்த்தால் தெளிந்த நீரே தெரியும். 1857-இல் முல்லூலி என்ற அயர்லாந்துத் துறவி தோண்டத் தொடங்கும்வரை கீழே இதெல்லாம் இருப்பது எவருக்கும் தெரியாது. கீழே ஈரமும் குளிருமாக இருக்கும், படிகள் வழுக்கும். படம் எடுக்க விடமாட்டார்கள். பகல் 12:30-க்கு மூடி இரண்டு மணிக்குத் திறப்பார்கள், மாலை ஐந்துக்குள் நுழைந்துவிட வேண்டும்.

காலில் இன்னும் தெம்பு இருந்தால் பொழுது சாயும் நேரத்தில் கம்பிதோல்யோ குன்றுக்கு ஏறுங்கள். சதுக்கத்தின் நடுவே நிற்கும் பேரரசர் மார்கஸ் அவ்ரேலியஸ் சிலை நகல், அசல் அருங்காட்சியகத்துக்குள். செனட் மாளிகையின் பக்கவாட்டுச் சந்தில் பின்னால் போனால் காலையில் நடந்த ஃபோரம் முழுவதும் காலடியில் விரியும். கட்டணம் இல்லை. அன்றைக்கே அருங்காட்சியகத்துக்குள்ளும் போக நினைக்காதீர்கள்.

இரண்டாம் நாள்: வத்திக்கான்

செவ்வாய், வியாழன், வெள்ளி மூன்றில் ஒன்று. புதனைத் தவிர்க்கும் காரணம் மேலே உண்டு. திங்கட்கிழமை மற்ற இடங்கள் மூடியிருப்பதால் ஊரே இங்கே வந்து நிற்கும். மாதத்தின் கடைசி ஞாயிறு அருங்காட்சியகம் இலவசம், அது வேண்டாம்.

தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், ஆணுக்கும் இதே விதி. சேலையும் சுடிதாரும் பிரச்சினையே இல்லை. அரைக்கால்சட்டை போட்ட பையன்களைத்தான் திருப்பி அனுப்புவார்கள்.

பேராலயம் காலை 7 மணிக்குத் திறக்கும். ஏழு மணிக்குப் போனால் பாதுகாப்புச் சோதனை பத்து நிமிடம், பத்து மணிக்குப் போனால் சதுக்கத்தைச் சுற்றி வரிசை. நுழைய இலவசம். வலப்புறம் முதல் சிற்றாலயத்தில் மைக்கேலாஞ்சலோவின் பியத்தா, இறந்த இயேசுவை மடியில் ஏந்திய மாதா சிலை. 1972-இல் ஒருவன் சுத்தியலால் தாக்கிய பின் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள். பிறகு குவிமாடம். மொத்தம் 551 படி, லிஃப்ட் எடுத்தாலும் 320 படி ஏறியே ஆக வேண்டும். கடைசிப் பகுதியில் சுவரே ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், நாமும் சாய்ந்துகொண்டே ஏற வேண்டும். முடிவில் ஆள் நுழையும் அளவுக்கே சுழல்படி, பிடிக்க ஒரு கயிறு. மூச்சுத்திணறல், மூட்டுவலி உள்ளவர்களும் அடைத்த இடத்தில் பயப்படுகிறவர்களும் கீழே இருந்துவிடுவது நல்லது, பாதி வழியில் திரும்ப இடமில்லை.

சதுக்கத்தில் நீரூற்றுக்கும் நடுத்தூணுக்கும் இடையே தரையில் வட்டக் கல் ஒன்று பதித்திருக்கும். அதன் மேல் நின்று பார்த்தால் நான்கு வரிசையாக நிற்கும் பெர்னினியின் தூண்கள் ஒரே வரிசையாகச் சேர்ந்துவிடும். ஓரடி தள்ளினால் கலைந்துவிடும்.

அருங்காட்சியகத்துக்குப் பிற்பகல் இரண்டரை, மூன்று மணி நேரத்தைப் பதியுங்கள். காலைக் குழுக்கள் கரைந்திருக்கும், மாலை 8 வரை திறந்திருக்கும். இடைப்பட்ட நேரத்துக்கு ஆற்றங்கரைக் கோட்டையான காஸ்தெல் சாந்தஞ்சலோவும் பிராத்தியில் சாப்பாடும். அருங்காட்சியக வாசல் சதுக்கத்தில் இல்லை, மதிலைச் சுற்றி வியாலே வத்திக்கானோவுக்கு 15 முதல் 20 நிமிடம் நடக்க வேண்டும். பேராலய வாசலில் அருங்காட்சியகச் சீட்டை நீட்டி ஏமாறுகிறவர்கள் தினமும் உண்டு.

உள்ளே பல கிலோமீட்டர் நடை. நின்று பார்க்க: லாவோகோன் சிற்பம், 120 மீட்டர் நீள வரைபடக் கூடம், ரஃபேல் அறைகள். கடைசியில் சிஸ்டைன் சிற்றாலயம். நாம் நுழைவது பலிபீடப் பக்கம், அதாவது "இறுதித் தீர்ப்பு" ஓவியம் முதுகுக்குப் பின்னால் இருக்கும். எல்லோரும் நுழைந்த இடத்திலேயே அண்ணாந்து நிற்பதால் அங்கே நெரிசல். நேராக எதிர்க்கோடிக்கு நடந்து திரும்பி நில்லுங்கள். மைக்கேலாஞ்சலோ 1508-இல் கூரையைத் தீட்டத் தொடங்கியது அந்தக் கோடியிலிருந்துதான். அங்கே நோவாவின் வெள்ளத்தில் ஆட்கள் சின்னச் சின்ன உருவங்களாக நெருக்கியடித்து நிற்பார்கள். பலிபீடத்தை நெருங்க நெருங்க உருவங்கள் பெரிதாகி, எண்ணிக்கை குறையும். கீழிருந்து பார்க்கிறவருக்கு எது தெரியும் என்பதை அவர் வேலை செய்துகொண்டே கற்றதைக் கூரையிலேயே படிக்கலாம். சுவரோர இருக்கையில் இடம் காலியாகும் வரை பொறுங்கள், கழுத்துக்கு நல்லது. சிறிய தொலைநோக்கி இருந்தால் எடுத்துப் போங்கள். படம் எடுக்கத் தடை, காவலர் உரக்கக் கத்தியே அமைதி கேட்பார்.

மூன்றாம் நாள்: பாந்தியனைச் சுற்றி

காலை ஏழுக்குள் திரேவி நீரூற்று. பத்து மணிக்கு அங்கே நிற்க இடம் இருக்காது. 2026 பிப்ரவரியிலிருந்து காலை முதல் இரவு பத்து வரை தொட்டியருகே இறங்க வெளியூர்க்காரர்களுக்கு 2 யூரோ கட்டணம், மேலே தெருவிலிருந்து பார்க்க ஒன்றும் இல்லை. தண்ணீரில் கால் வைத்தால் அபராதம். ஸ்பானியப் படிக்கட்டில் உட்கார்ந்தாலும் அபராதம்தான், 2019 முதல்.

பாந்தியன் ஒன்பது மணிக்குத் திறக்கும், சீட்டு 5 யூரோ. முகப்பில் அக்ரிப்பா கட்டினார் என்று எழுதியிருந்தாலும் இப்போதுள்ள கட்டடம் பேரரசர் ஹாட்ரியன் காலத்தில், ஏறக்குறைய கி.பி. 126-இல் முடிந்தது. குவிமாடத்தின் விட்டம் 43.3 மீட்டர், தரையிலிருந்து உச்சிக்கும் அதே அளவு. கம்பி வைக்காத கான்கிரீட் குவிமாடங்களில் உலகிலேயே பெரியது இன்றும் இதுதான். நிற்பதன் சூட்சுமம் கலவையில் இருக்கிறது. அடியில் கனமான கல் ஜல்லி, மேலே போகப் போக இலேசான எரிமலை நுரைக்கல். சுவர் கனமும் அடியில் ஆறு மீட்டரில் தொடங்கி உச்சியில் மெலிந்துவிடும். நடுவே திறந்த வட்டத்தின் வழியே மழை உள்ளே விழும், தரை இலேசாகக் குவிந்திருப்பதால் நீர் ஓடி அங்குள்ள சிறு துளைகளில் வடியும். மழை பெய்தால் விடுதிக்கு ஓடாமல் இங்கே வாருங்கள். 609 முதல் இது தேவாலயம் என்பதால் இடிபடாமல் தப்பியது. பூசை நேரத்தில் பார்வையாளர்களை விடமாட்டார்கள், ஞாயிறு காலையைத் தவிர்க்கவும்.

12:30-க்கு முன் முடிக்க வேண்டியவை எல்லாம் ஐந்து நிமிட நடையில். சான் லூயிஜி தேய் ஃபிரான்செஸியில் இடப்புறம் கடைசிச் சிற்றாலயத்தில் கரவாஜியோவின் மூன்று மத்தேயு ஓவியங்கள். இருட்டாக இருக்கும், விளக்கெரிக்கும் பெட்டியில் காசு போட வேண்டும். 50 சென்ட், ஒரு யூரோ நாணயங்களைக் காலையிலேயே சில்லறையாக மாற்றி வையுங்கள். அடுத்து சாந்தகோஸ்தீனோவில் அதே ஓவியரின் யாத்திரிகர் மாதா, அழுக்கேறிய வெறுங்கால்கள் நம் முகத்துக்கு நேரே. பிறகு சாந்த இஞ்ஞாசியோ, அங்கே குவிமாடம் போலத் தெரிவது தட்டையான துணியில் தீட்டியது. தரையில் உள்ள மஞ்சள் சலவைக்கல் வட்டத்திலிருந்து பார்த்தால் உண்மை போலத் தோன்றும், தாண்டிப் போனால் கோணிக்கொள்ளும்.

பகலில் பியாட்ஸா நவோனா. டொமிஷியனின் ஓட்டப்பந்தய மைதானத்தின் மேல் வீடுகள் எழுந்ததால்தான் சதுக்கம் இப்படி நீண்டிருக்கிறது. நடுவே பெர்னினியின் நான்கு ஆறுகள் நீரூற்று, 1651. ஆசியாவுக்குக் கங்கை. நீண்ட தாடியோடு கையில் துடுப்பைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறார், பெண்ணாக அல்லாமல் கிழவராக. இந்தச் சதுக்கத்தில் சாப்பிட உட்காராதீர்கள். மாலைக்கு ஆற்றைக் கடந்து டிராஸ்தேவெரே.

நான்காம் நாள்: இரண்டில் ஒன்று

கலையில் ஈடுபாடு உள்ளவர்களுக்குப் போர்கேஸே. திங்கள் விடுமுறை, உள்ளே இரண்டு மணி நேரம்தான், பைகளைக் கீழே ஒப்படைக்க வேண்டும். பெர்னினியின் புரோசெர்பினா சிலையில் பளிங்குத் தொடையில் விரல்கள் அழுந்திய பள்ளத்தைச் சுற்றி வந்து பாருங்கள். முடித்ததும் பூங்கா வழியாகப் பின்ச்சோ மேடைக்கு நடந்து கீழே இறங்கினால் சாந்த மரியா தெல் போப்போலோ, இன்னும் இரண்டு கரவாஜியோ.

குழந்தைகளோடு வந்தவர்களுக்கு ஒஸ்தியா அந்திகா. பிரமிதே மெட்ரோவை ஒட்டிய நிலையத்திலிருந்து அரை மணி ரயில், அதே 1.50 யூரோ சீட்டு. பழைய ரோமின் துறைமுக ஊர் தெருவும் கடையும் பொதுக் கழிப்பறையுமாக நிற்கிறது. கூட்டம் இல்லை, ஓடி விளையாட இடம் உண்டு. இதற்கும் திங்கள் விடுமுறை.

சாப்பாடு, தண்ணீர்

காப்பியை நின்றுகொண்டே குடித்தால் ஒன்றரை யூரோவுக்குள், மேசையில் உட்கார்ந்தால் பிரபலமான சதுக்கங்களில் பல மடங்கு. இரவு உணவகங்கள் ஏழரைக்குத்தான் சூடுபிடிக்கும். படம் போட்ட பெரிய மெனுவோடு வாசலில் ஆளை நிறுத்திக் கூப்பிடும் கடையைத் தாண்டிப் போங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க: கார்பொனாரா, அமாத்ரிச்சானா பாஸ்தாக்களில் பன்றிக் கன்னக்கொழுப்பு உண்டு. பூசணிப்பூப் பொரியலுக்குள் நெத்திலி வகை மீன் இருக்கும். சுப்ளி என்ற சோற்று உருண்டையில் பெரும்பாலும் இறைச்சிச் சாறு. காச்சோ எ பேப்பே பாஸ்தாவில் பாலாடைக்கட்டியும் மிளகும் மட்டும்தான், ஆனால் அந்தப் பாலாடைக்கட்டியைத் திரிக்க ஆட்டுக்குட்டியின் இரைப்பைச் சாறு சேர்ப்பார்கள். அதுவும் கூடாதென்றால் யூதர் பகுதியின் பொரித்த ஆர்ட்டிசோக், பாலாடைக்கட்டி இல்லாத மரினாரா பீட்ஸா. "சென்ஸா கார்னே, சென்ஸா பெஷே" என்றால் இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம். வெட்டி விற்கும் பீட்ஸாவை எடை போட்டுத் தருவார்கள், எவ்வளவு என்று கையால் காட்டினால் கத்தரியால் வெட்டுவார். சோறு தேடினால் பியாட்ஸா வித்தோரியோ பக்கம் போங்கள். எஸ்குவிலீனோ சந்தையில் நம் ஊர்க் காய்கறி, மசாலா எல்லாம் உண்டு.

தண்ணீர் வாங்க வேண்டாம். தெருவெங்கும் நாசோனி எனப்படும் வார்ப்பிரும்புக் குழாய்கள், சுமார் 2,500, எந்நேரமும் நல்ல குடிநீர் ஓடும். வளைந்த மூக்கின் நுனியை விரலால் அடைத்தால் மேலே உள்ள சிறு துளை வழியாக நீர் பீய்ச்சும், குனிந்து வாய் வைத்துக் குடிக்கலாம். விரலை மெதுவாக அழுத்துங்கள், இல்லையென்றால் சட்டை நனையும்.

எதில் மாட்டிக்கொள்வார்கள்

ஜேப்படிதான் முதலாவது. டெர்மினியிலிருந்து வத்திக்கான் போகும் 64-ஆம் எண் பேருந்து, ஏ தட மெட்ரோ, திரேவி மூன்றிலும் பையை முன்பக்கம் மாட்டுங்கள். கதவு மூடும் நேரத்தில்தான் கை நீளும், எனவே கதவருகே நிற்காதீர்கள். கையில் கயிறு கட்டிவிட்டோ ரோஜாவை நீட்டியோ இலவசம் என்றால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடங்கள். கொலோசியம் முன் ரோம வீரர் வேடத்தில் நிற்பவரோடு படம் எடுத்தால் பணம் கேட்பார்.

காரை வாடகைக்கு எடுத்து ஊருக்குள் ஓட்டாதீர்கள். பழைய ரோமின் பெரும்பகுதி உள்ளூர் அனுமதி உள்ள வண்டிகளுக்கு மட்டும். வாசலில் கேமரா படம் பிடிக்கும், அபராதம் மாதங்கள் கழித்து வீடு தேடி வரும், வாடகை நிறுவனம் அதற்குத் தனிக் கட்டணம் போடும். கருங்கல் சதுரங்கள் பதித்த தெருக்களில் குதிகால் செருப்பும் பெட்டிச் சக்கரமும் ஒன்றாகவே உடையும். தள்ளுவண்டிக் குழந்தை என்றால் பெரிய சக்கரம் உள்ளதாகக் கொண்டுவாருங்கள்.

கடைசியாக வேலைநிறுத்தம். இத்தாலியில் அதை முன்கூட்டியே அறிவிப்பார்கள், வெள்ளிக்கிழமைகளில் அடிக்கடி வரும். "ஷோப்பெரோ" என்ற சொல் மெட்ரோ வாசலில் ஒட்டியிருந்தால் தேதியைப் பாருங்கள். அன்றைக்கும் காலை 8:30 வரையும் மாலை 5 முதல் 8 வரையும் வண்டிகள் ஓடும் என்பது வழக்கமான ஏற்பாடு. விமானம் அன்று என்றால் முந்தின இரவே டாக்ஸிக்குச் சொல்லிவையுங்கள்.